மேல்முனைக்குச் சென்ற கம்பி

ஜோவிதா என்பது திருமுழுக்கின்போது அவளுக்கு இட்ட பெயர். ஆயினும் முத்தியால்பேட்டையில் அவள் குடியிருந்த வீதியில் பலரும் அவளை ‘ஏன்’ என்றே குறிப்பிட்டார்கள். தயிர் இல்லை என்று கடைக்காரர் சொன்னால் ஏன் என்பாள். பூசைக்கு நேரமாயிற்று என்று தாய் விரட்டினால், மணி அடித்த பிறகுதானே நேரமாகும், இப்போதே ஏன் என்பாள். மருந்துச் சீட்டு, திருமண அழைப்பிதழ், மின்கம்பத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, எது கண்ணில் பட்டாலும் அச்சகத்தின் பெயர் வரையில் படித்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பாள்.

இயற்பியலிலும் அவள் அப்படியே. மின்தடைச் சுற்று ஒன்றைக் கொடுத்துத் தொகுபயன் மின்தடை என்ன என்று கேட்டால், மற்றவர்களைப் போல எண்களின்மேல் பாய மாட்டாள். அச்சிட்ட படத்தை ஒதுக்கிவிட்டுத் தன் கையால் மறுபடி வரைவாள். கம்பிகள் கூடும் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எழுத்தை இடுவாள். மின்கலத்தின் இரு கம்பிகளும் எந்த எழுத்துகளைத் தொடுகின்றன என்று விரல் வைத்துப் பார்ப்பாள். அதன் பின்னரே கணக்கு. விடை பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் மெதுவாக வரும். சென்ற ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வில் கடைசிப் பக்கத்துக் கேள்விகளை அவள் படிக்கவும் நேரமில்லாமல் போனது இதனால்தான். கிடைக்க வேண்டிய இடம் கைநழுவிப் போயிற்று.

அதனால் இந்த ஆண்டு அவள் தாய் பெர்னதெத், மிஷன் வீதி மருந்துக் கடையில் தான் நின்று சம்பாதித்ததைக் கொண்டு, உப்பளத்தில் உள்ள ‘மேரு’ பயிற்சிக் கூடத்தில் அவளைச் சேர்த்துவிட்டாள். அங்கே இயற்பியல் நடத்தியவர் இளஞ்செழியன். நல்ல குரலும், பலகையை ஒரே வீச்சில் நிரப்பும் கையும் உடையவர். வேகம் என்பதே அவருடைய வேதம். நான்கு மின்தடைகள் சாய்சதுரமாக நிற்க, நடுவே ஐந்தாவது ஒன்று குறுக்கே கிடந்தால், அதற்கு வீட்ஸ்டன் பாலம் என்று பெயர். எதிரெதிர் முனைகளில் மின்கலத்தை இணைத்து, இருபுற விகிதங்களும் ஒத்துப்போனால் பாலம் சமநிலையில் இருக்கிறது. நடுத்தடையில் மின்னோட்டம் பாயாது. அதை இல்லாததாகக் கொள்ளலாம். இதை மாணவர் மனத்தில் பதிப்பதற்கு இளஞ்செழியன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பலகையில் சாய்சதுரத்தை வரைந்து, விகிதத்தைச் சொல்லி, ஒருமுறை கையைத் தட்டுவார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் “வெட்டு” என்று முழங்கும். நடுத்தடையின்மேல் சிவப்புக் கோடு விழும். தெருவில் போகிறவர்கள் கூட நின்று கேட்பார்கள்.

அரையாண்டில் ஒரு தரத்தேர்வு நடந்தது. அதில் முன்னணியில் வந்தவர்களைக் கொண்டு முதல் வகுப்பு அமையும். அதற்கு இளஞ்செழியனே இறுதி வரையில் பாடம் நடத்துவார். எஞ்சியவர்கள் பின்கட்டில் இருந்த இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டும். அங்கே புதிதாகப் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவரும், பதிவு செய்த பாடங்களை ஓட்டும் ஒரு திரையுமே துணை. மருத்துவ இடம் பெற்றவர்கள் பெரும்பாலும் முதல் வகுப்பிலிருந்து போனவர்களே என்பது எல்லாப் பெற்றோருக்கும் மனப்பாடம்.

அந்தத் தேர்வில்தான் அந்தக் கணக்கு வந்தது. சாய்சதுரம் ஒன்று. இடதுமுனைக்கும் மேல்முனைக்கும் இடையே இரண்டு ஓம். மேலிருந்து வலதுமுனைக்கு நான்கு. இடதிலிருந்து கீழ்முனைக்கு மூன்று. கீழிருந்து வலதுக்கு ஆறு. நடுவே, மேலுக்கும் கீழுக்கும் குறுக்காகப் பத்து ஓம். கடிகாரத்தைப் பார்த்த ஜோவிதா அன்று படத்தை மறுபடி வரையவில்லை. இரண்டுக்கு நான்கு, மூன்றுக்கு ஆறு, விகிதம் ஒன்றே என்று கண்டாள். காதுக்குள் கைதட்டல் கேட்டது. நடுவை வெட்டினாள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஒன்பது, இரண்டும் பக்க இணைப்பில் 3.6 ஓம். விடைத்தாளில் கறுப்பு வட்டமிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

முடிவு வந்தபோது முதல் வகுப்புப் பட்டியலின் கடைசிப் பெயர் அவளுடையது. அவளுக்கு அடுத்து, கோட்டுக்குக் கீழே நின்ற பெயர் அஞ்சலாட்சி. கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறவள். நெல் பயிரிடும் வீட்டுப் பெண். தகப்பனைப் பெற்றவளின் பெயரைச் சுமப்பவள்.

விடைகளைச் சரிபார்க்கும் நாளில் அந்தக் கணக்கு வந்ததும் இளஞ்செழியன் தாளைப் பார்க்காமலே பலகையில் சாய்சதுரத்தை வரைந்தார். மின்கலத்தை, எப்போதும் போல, இடதுமுனைக்கும் வலதுமுனைக்கும் இழுத்தார். கையைத் தட்டினார். முழக்கம் எழுந்தது. 3.6 வராதவர்கள் எழுந்து நிற்கும்படி சொன்னார். ஓரிருவர் நின்றார்கள். அவர்களில் அஞ்சலாட்சி, தனக்கு 1.6 வந்ததாகச் சொன்னாள்.

“ஒண்ணு புள்ளி ஆறா? எந்த ஊர் அஞ்சல்ல வந்துச்சும்மா இந்த விடை?” என்றார் அவர்.

வகுப்பு சிரித்தது. ஜோவிதாவும் சிரித்தாள். படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு அஞ்சலாட்சி அமர்ந்துகொண்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் ஜோவிதாவின் கண், பழக்க தோஷத்தால், தன் மேசையில் கிடந்த வினாத்தாளுக்குச் சென்றது. மின்கலத்தின் ஒரு கம்பி இடதுமுனையைத் தொட்டது. மற்றொன்று வலதுமுனைக்குப் போகவில்லை. வளைந்து ஏறி, மேல்முனையில் போய் முடிந்திருந்தது.

கம்பி மேல்முனைக்குப் போய்விட்டால் அங்கே பாலமே இல்லை. வெட்டுவதற்கு நடுவும் இல்லை. பத்து ஓம் மற்றவற்றைப் போல ஒரு சாதாரண வழி. வலதுமுனையைச் சுற்றிவரும் நான்கும் ஆறும் சேர்ந்து பத்து. அதன் பக்கத்தில் இந்தப் பத்து. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து. அதனோடு தொடரில் மூன்று, ஆக எட்டு. எட்டுக்குப் பக்கத்தில் இரண்டு. விடை 1.6. மனத்துக்குள்ளேயே போட்டு முடித்துவிட்டாள்.

அவளுக்கு வந்தது இரக்கம் அன்று, கோபம். வினாத்தாளைப் பார்க்காமல் விடையெழுதிய தனக்கு மதிப்பெண். பார்த்து எழுதியவளுக்குக் கேலி. தன் மூளை செய்யாத வேலைக்குக் கூலி வாங்கியது போல அவளுக்கு உடம்பு கூசியது.

வகுப்பு கலைந்ததும் இளஞ்செழியனின் அறைக்குப் போனாள். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு வினாத்தாளை வாங்கிப் பார்த்தார். பார்க்க வேண்டிய நேரத்தைக் காட்டிலும் அதிகமாகவே பார்த்தார். பிறகு, தட்டச்சு செய்தவன் கம்பியைத் தவறிப்போய் மேலே இழுத்துவிட்டான் என்றும், கேள்வியின் நோக்கம் சமநிலைப் பாலம்தான் என்றும், விழுப்புரம், கடலூர் கிளைகளுக்கும் இதே விடைக்குறிப்பு போய்விட்டது, பெற்றோர் கைப்பேசிகளுக்கும் போய்விட்டது, இனி அதைக் கலைத்தால் நாளைக்கு வாசலில் கூட்டம் நிற்கும் என்றும் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

“கேட்டவன் மனசுல இருந்தத நீ புரிஞ்சுக்கிட்ட. அதுக்குத்தான் மார்க்கு. போய்ப் படி” என்று முடித்தார்.

“நான் புரிஞ்சுக்கல சார். பாக்கல” என்றாள் ஜோவிதா.

அவர் குவளையை மறுபடி எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அது அடையாளம்.

வெளியே வந்தவள் மிதிவண்டியை முத்தியால்பேட்டைப் பக்கம் திருப்பாமல் முதலியார்பேட்டை நிறுத்தத்துக்கு விட்டாள். பாகூர் பேருந்துக்காக அஞ்சலாட்சி அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஜோவிதா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். நீ எழுதியதுதான் சரி, சாரிடமும் சொல்லிவிட்டேன் என்றாள். அஞ்சலாட்சியின் முகத்தில் எந்த மலர்ச்சியும் காணப்படவில்லை.

“தெரியும். நான் போட்டது சரின்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். “நீயும்தான சிரிச்ச?”

ஜோவிதா ஆம் என்றாள்.

“அப்பறம் இன்னா? எனக்காகப் போய் நிக்காத. பாவம் பார்க்கறவங்க எங்க ஊர்லயே நெறைய பேரு இருக்காங்க.”

“உனக்காக இல்ல.”

“பின்ன?”

பேருந்து வந்தது. அஞ்சலாட்சி ஏறினாள், சன்னல் ஓரத்தில் அமர்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் பெர்னதெத் மகளின் முகத்தைக் கண்டதும் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டாள். கேட்டபின் ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது. முதல் வகுப்பில் மகள் இடம்பெற்றதை அவள் மருந்துக் கடையில் சொல்லியாயிற்று. பங்குச் சாமியாரிடம் சொல்லியாயிற்று. பிரான்சில் இருக்கும் அக்காளுக்கும் கைப்பேசியில் சொல்லியாயிற்று. தோசைக்கல்லைவிட்டு இறக்கிய அடை தட்டிலேயே ஆறிக்கொண்டிருக்க, அவள் பழைய கதையைத் திரும்ப எடுத்தாள்: சென்ற ஆண்டு இடம் போனதும் இந்த ‘ஏன்’ புத்தியால்தான், இந்த ஆண்டும் அது போனால் மறுபடி ஓர் ஆண்டு பணம் கட்டிப் படிக்கவைக்கத் தன்னாலும் இவளுடைய தகப்பனாலும் ஆகாது.

“ஊர்ல இருக்கிறவங்க மார்க்கு வரலன்னு சண்ட போடுவாங்க. நீ வந்ததுக்குச் சண்ட போடுற. இதுக்கு நான் இன்னா பேரு வைக்கிறது, சொல்லு?”

ஜோவிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாய்க்கும் உதடு துடித்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்து, வாயை மூடிக்கொண்டு படி, உன் காலில் விழுகிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். இளஞ்செழியனின் அதட்டலைக் காட்டிலும் அந்தத் தாழ்ந்த குரலே ஜோவிதாவைச் சற்று அசைத்தது. சரி என்று சொல்லிவிடலாமா என்று கூட நினைத்தாள். தட்டச்சுப் பிழைதானே; யாரோ ஒருவன் கை தவறியதற்கு நான் ஏன் என் இடத்தைக் கொடுக்க வேண்டும்?

அந்த நினைப்போடு வினாத்தாளை மடித்து வைக்கப் போனவள், கணக்கின் கீழே இருந்த நான்கு விடைகளையும் ஒருமுறை படித்தாள். படித்தவள் அப்படியே நின்றாள். இரண்டாவது விடை, 1.6. கம்பியை வலதுமுனைக்கு இழுப்பதாக நினைத்து உருவாக்கிய கேள்வியில் 1.6 என்ற எண்ணுக்கு என்ன வேலை? மேல்முனையில் மின்கலத்தை வைத்துப் போட்டால் மட்டுமே வரும் எண் அது. ஆகவே கேள்வியை உருவாக்கியவன் தெரிந்தேதான் கம்பியை மேலே இழுத்திருக்கிறான். பாலம் போலக் காட்டி, பாலம் அல்லாததை வைத்திருக்கிறான். பார்க்கிறவன் யார், பழக்கத்தில் வெட்டுகிறவன் யார் என்று அறிய விரும்பியிருக்கிறான். அந்தக் கண்ணியில் தானும் விழுந்தாள். விடைக்குறிப்பு எழுதியவரும் விழுந்தார்.

தட்டச்சுக்காரன் மேல் சுமத்திய பழி அத்தோடு போயிற்று. அடையைத் தின்று கை கழுவியபோது அவள் மனம் கல்லாகியிருந்தது.

மறுநாள் முதல் வகுப்பின் முதல் பாடம். இளஞ்செழியன், வேண்டுமென்றோ தற்செயலாகவோ, மீண்டும் ஒரு சாய்சதுரத்தை வரைந்தார். எண்களை இட்டார். விகிதத்தைச் சொன்னார். கையைத் தட்டினார். முழக்கம் எழுந்து அடங்கிய அந்த இடைவெளியில் ஜோவிதா எழுந்து நின்றாள்.

“பேட்டரி எங்க சார்?”

அவர் திரும்பினார். பலகையில் மின்கலத்தை அவர் வரையவே இல்லை. அதை அப்போதுதான் அவரும் கண்டார்.

“வழக்கமான எடத்துலதான்.”

“வழக்கமான எடம் எது சார்?”

வகுப்பில் சலசலப்பு எழுந்தது. அவர் புன்னகையோடு மார்க்கரை நீட்டி, அப்படியானால் நீயே வந்து நடத்து என்றார். அவள் தயங்குவாள் என்று நினைத்தார் போலும். ஜோவிதா நடந்து போய் வாங்கிக்கொண்டாள். பலகையைத் துடைத்துவிட்டுத் தேர்வில் வந்த அந்தப் படத்தை வரைந்தாள். நான்கு முனைகளுக்கும் எழுத்திட்டாள். கம்பியை மேல்முனைக்கு இழுத்தாள். என்ன நடக்கிறது என்று பின்வரிசைக்கு விளங்கிவிட்டது. நம் எல்லாருடைய மதிப்பெண்ணும் போகப் போகிறது, உட்காரடி என்று ஒருவன் முணுமுணுத்தான். அவள் காதில் விழுந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டே பேசினாள்.

“கணக்குகூடப் போட வேணாம். பேட்டரியோட ரெண்டு முனைக்கும் நடுவுல நேரா ரெண்டு ஓம் இருக்கு. நம்ம உப்பளம் கிரவுண்டுல ஒரு கேட்டு திறந்திருக்குன்னு வச்சுக்குங்க. பக்கத்துல இன்னும் நாலு கேட்ட திறந்துவுட்டா ஜனம் போறது சுலபமாவுமா, கஷ்டமாவுமா?”

சுலபமாகும் என்று முன்வரிசையில் யாரோ தம்மை அறியாமல் சொல்லிவிட்டார்கள்.

“அப்ப தடை ரெண்டுக்குக் கீழதான வரணும்? நாம எல்லாரும் மூணு புள்ளி ஆறு எழுதியிருக்கோம்.”

முணுமுணுத்தவன் தன் தாளை எடுத்துப் பார்த்தான். இளஞ்செழியன் தட்டச்சுப் பிழையைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். ஜோவிதா அவரை முடிக்க விட்டுவிட்டு, பிழை என்றால் 1.6 எப்படி விடைகளுக்குள் வந்தது என்று கேட்டாள். அவர் வினாத்தாளை எடுத்துப் படித்தார். கேள்விகளை வெளியிலிருந்து வாங்கியதையும், விடைக்குறிப்பை அவசரத்தில் தாமே எழுதியதையும் அவர் ஒருவரே அறிவார். நெற்றியைத் தடவிக்கொண்டார். அவர் கெட்டவர் அல்லர். தவற்றைக் கண்டபின் அதைக் காணாதது போல நடிக்க அவருடைய இயற்பியல் இடம் கொடுக்கவில்லை. அதே சமயம் வாசலில் கூடக்கூடிய பெற்றோரையும் அவரால் மறக்க இயலவில்லை.

ஆகவே அவர் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். கேள்வி குழப்பமானது என்று அறிவிக்கலாம். எல்லாத் தேர்வுகளிலும் நடப்பது போல அனைவருக்கும் அந்த மதிப்பெண்ணை அளித்துவிடலாம். பட்டியல் ஏற்கெனவே வெளிவந்துவிட்டபடியால் அது அப்படியே இருக்கட்டும் என்றார். அறை முழுவதும் பெருமூச்சு விட்டது. யாரோ கைதட்டவும் தொடங்கினார்கள்.

“கேள்வி குழப்பமில்ல சார்” என்றாள் ஜோவிதா. “நம்ம விடைதான் தப்பு.”

கைதட்டல் நின்றது. இவளுக்கு என்ன வந்தது என்பது போல எல்லா முகங்களும் அவளை நோக்கின. நேற்றுவரை நோட்டுகளைப் பகிர்ந்துகொண்ட பக்கத்து நாற்காலிக்காரி கூடப் பார்வையை விலக்கிக்கொண்டாள். தப்பையும் சரியையும் ஒரே மதிப்பெண்ணில் கட்டிவிட்டால், நாளைக்கு இந்த அறையில் யாரும் கம்பி எங்கே போகிறது என்று பார்க்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை அவள் நீட்டி முழக்கவில்லை. விடைக்குறிப்பை 1.6 என்று திருத்த வேண்டும், பட்டியலையும் திருத்த வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

இளஞ்செழியன் மேசையின் விளிம்பில் சாய்ந்து நின்றார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை.

“திருத்துனா இங்க இருக்கிற எல்லாருக்கும் ஒரே அளவுதான் குறையும். யாரும் எடம் மாற மாட்டாங்க. ஒருத்தியத் தவிர. அது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“இது உனக்கு ரெண்டாவது வருஷம். உங்க அம்மா என்கிட்ட வந்து எவ்வளவு கெஞ்சினாங்கன்னு தெரியுமா?”

“தெரியும் சார்” என்றாள் மறுபடியும். மார்க்கரின் மூடியை அழுத்தி மூடி, அவருடைய மேசைமேல் வைத்தாள்.

“நாளைலேருந்து அஞ்சலாட்சி இங்க உக்காரட்டும். நான் ரெண்டாவது கிளாஸ்ல உக்காந்து படிச்சுக்கிறேன்.”